பிடிபட்ட வண்டி: எந்தப் பிரிவு என்று முதலில் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

காவல் நிலையங்களின் பின்பக்கம் முள்செடி படர்ந்து, டயர் இற்று, பேட்டரி இல்லாமல் கிடக்கும் வண்டிகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கடன் வாங்கி வாங்கிய வண்டிக்குத் தவணை மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருக்கும். எந்தச் சட்டத்தில் வண்டி பிடிபட்டது என்று தெரியாமல், ஆர்.டி.ஓ. ஆபீசில் முடிய வேண்டியதற்குக் கோர்ட்டுக்கும், கோர்ட்டில் முடிய வேண்டியதற்கு ஸ்டேஷனுக்கும் அலைவதால்தான் பலருக்கு நாள் கடந்துவிடுகிறது.

மோட்டார் வாகனச் சட்டம் 207-வது பிரிவில் வண்டியைப் பிடித்து வைக்கச் சொல்லப்பட்ட காரணங்கள் சிலவே: லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவது, வயது நிரம்பாதவர் ஓட்டுவது, பதிவு இல்லாத வண்டி, பெர்மிட் இல்லாமலோ பெர்மிட்டில் கண்ட வழித்தடம், பகுதி, பயன்பாடு ஆகியவற்றை மீறியோ ஓட்டுவது. ஹெல்மெட் போடாததும் இன்சூரன்ஸ் முடிந்துபோனதும் இதில் இல்லை. அவற்றுக்கு அபராதம் உண்டு. இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் முதல் முறை 2,000, அடுத்த முறை 4,000 ரூபாய். அதற்காக 207-ஐக் காட்டி வண்டியை எடுக்க முடியாது. லைசென்ஸ், வயது, பெர்மிட் குற்றங்களிலும் வண்டியை விட்டுவிட்டு ஆர்.சி.யை மட்டும் வாங்கிக்கொண்டு ஒப்புகைச் சீட்டு தர அதே பிரிவு இடம் தருகிறது. பாலோ காய்கறியோ ஏற்றிக்கொண்டு நிற்பவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். 207-ல் பிடிபட்ட வண்டியை விடுவிக்கும் அதிகாரம் போக்குவரத்து அதிகாரிக்கோ அரசு நியமித்த அலுவலருக்கோ உரியது. உரிய ஆவணங்களோடு அவரிடம் மனுக் கொடுக்க வேண்டும்.

ஓட்டியவரோடு விஷயம் முடிந்துவிடாது. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினால் அவருக்கு 5,000 ரூபாய், சாவியைக் கொடுத்த உரிமையாளருக்குத் தனியே 5,000 ரூபாய். 18 வயது நிரம்பாத பிள்ளை ஓட்டிக் குற்றம் நடந்தால் 199ஏ பிரிவுப்படி பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

விபத்து வண்டிக்குக் கணக்கு வேறு. மோட்டார் வாகன ஆய்வாளர் பார்வையிடுவதற்காக வண்டியை எடுத்துப் போனால், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று உரிமையாளருக்குச் சொல்ல வேண்டும். நடைமுறை முடிந்து 24 மணி நேரத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்கிறது 136-வது பிரிவு. ஆனால் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இல்லாத வண்டி யாரையாவது காயப்படுத்தியிருந்தால், இழப்பீட்டுக்குப் போதுமான ஈடு கட்டாமல் விடக்கூடாது, 3 மாதத்துக்குள் கட்டாவிட்டால் ஏலம் விட வேண்டும் என்ற விதியை எல்லா மாநிலங்களும் கொண்டுவர 2018-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பிரீமியத்தில் மிச்சம் பிடிப்பவர்கள் வண்டியையே இழக்கும் இடம் இதுதான்.

குற்ற வழக்கில் பிடிபட்ட வண்டிக்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டில்தான் மனு. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 451, 457-க்குப் பதில், அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 497, 503 பிரிவுகள். வண்டி கோர்ட்டில் ஒப்படைக்கப்பட்டிருந்தால் 497. போலீஸ் தகவல் மட்டும் அனுப்பியிருந்தால் 503. ஒப்படைத்த 14 நாளில் கோர்ட் வண்டியின் விவர அறிக்கை தயாரித்துப் புகைப்படம் எடுக்க வைக்க வேண்டும். அதிலிருந்து 30 நாளில் வண்டியை என்ன செய்வது என்று உத்தரவிட வேண்டும். அந்தப் புகைப்படமே விசாரணையில் சாட்சியமாகும் என்பதால், ‘வழக்கு முடியட்டும்’ என்று வண்டியை வெயிலில் காய விடத் தேவையில்லை. வண்டிகளை நீண்ட காலம் ஸ்டேஷனில் வைப்பதில் பயனில்லை என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மனு தள்ளிப்போவது பெரும்பாலும் ஆர்.சி.யில் உள்ள பெயரால். வண்டியை வாங்கியவர் பெயர் மாற்றாமல் ஓட்டியிருப்பார், கோர்ட் பதிவு உரிமையாளரைக் கேட்கும், விற்றவர் வரமாட்டார். விற்றவரும் தப்பவில்லை. ஆர்.டி.ஓ. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளில் தெரிவிக்க வேண்டும் என்ற விதியை யாரும் பொருட்படுத்துவதில்லை. வண்டி கைக்கு வந்த பிறகும் விற்கக் கூடாது, நிறம் மாற்றக் கூடாது, கூப்பிட்டால் கொண்டுவர வேண்டும் என்பன வழக்கமான நிபந்தனைகள். மீறினால் கோர்ட்டில் எழுதிக்கொடுத்த பத்திரத் தொகை போகும்.

கஞ்சா வழக்கில் வண்டி அரசுடைமையாகலாம். தனக்குத் தெரியாமல் நடந்தது, நியாயமான எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்தேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு உரிமையாளருடையது. வாடகைக்கு விடுபவர்கள் ஒப்பந்தம், லைசென்ஸ் நகல், ஜி.பி.எஸ். பதிவு ஆகியவற்றை வைத்திருப்பது இங்கே உதவும். இந்த வழக்குகளிலும் விசாரணை முடியும் முன் இடைக்காலமாக வண்டியைத் தரத் தடையில்லை என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதை இன்னும் பலர் அறியவில்லை.

காவல்துறைக்கு ஒரு கோரிக்கை. வண்டியைப் பிடிக்கும்போதே பிரிவு எண், தேதி, நேரம், சேசிஸ் எண், ஓடிய கிலோமீட்டர், பேட்டரி, ஸ்டெப்னி, கண்ணாடி எல்லாம் குறித்த சீட்டைக் கொடுங்கள். உரிமையாளர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள். அந்த இடத்திலேயே நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். வண்டி ஸ்டேஷனில் நின்றாலும் இன்சூரன்ஸைப் புதுப்பித்துவிடுங்கள். அது முடிந்து 90 நாள் தாண்டினால், இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகச் சேர்த்து வைத்த பிரீமியத் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் போய்விடும்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர், விழுப்புரம்