பழைய எண், புதிய எண்: 17-ஆம் எண் அணியின் நன்றி மடல்

மயிலாப்பூருக்கும் பாரிமுனைக்கும் நடுவே, ஞாயிற்றுக்கிழமை காலையில் வியர்க்க விறுவிறுக்க வந்து வழி கேட்ட இரண்டு பேருக்கு நின்று பதில் சொன்ன எல்லோருக்கும் வணக்கம். பெயர் கேட்டுக்கொள்ள நேரமில்லை. அதனால் இடத்தைச் சொல்லி நன்றி சொல்கிறோம். உங்களுக்கே தெரியும், யாரைச் சொல்கிறோம் என்று.

நாங்கள் ஓடியது ஊருக்குள் இடம் தேடும் பந்தயம். அதன் விதி சின்னதுதான். இருவர் ஓர் அணி. குறிப்புச் சீட்டைப் படித்து இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். நடை, பஸ், ரயில் மட்டும். ஆட்டோவில் கால் வைத்தால் அணி வெளியே. வழி கேட்கத் தடையில்லை.

முதல் நன்றி இஸ்திரி வண்டி அண்ணனுக்கு. சீட்டில் இருந்தது ‘எலியட் பெயர் கொண்ட சாலை’. எலியட்ஸ் என்றதும் எல்லார் காலும் பெசன்ட் நகர் கடற்கரைப் பக்கம்தான் திரும்பும். கரிப்பெட்டியைக் கீழே வைக்காமலே, “பீச் இல்லம்மா, ரோடு. எட்வர்ட் எலியட்ஸ் ரோடுன்னா இப்போ ராதாகிருஷ்ணன் சாலை” என்றீர்கள். இப்படி இன்னும் எத்தனை! மவ்பரீஸ் ரோடு இன்றைக்கு டி.டி.கே. சாலை, லாயிட்ஸ் ரோடு அவ்வை சண்முகம் சாலை, பிராட்வே பிரகாசம் சாலை. சீட்டு எழுதுகிறவர்களுக்குப் பழைய பெயர்கள் என்றால் கொள்ளை ஆசை. அடுத்த பொறி கதவு எண். ஒரே வாசலில் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று. தெரு முழுக்க இரண்டு வரிசையும் கலந்து கிடக்கும். சீட்டில் இருப்பது எந்த எண் என்று தெரியாமல் நடந்தால் ஒரே தெருவை இரண்டு முறை அளக்க வேண்டியதுதான். “பலகையில ரெண்டு நம்பரும் இருக்கிற வீட்டைப் புடிங்க, எந்த வரிசை எந்தப் பக்கம் ஏறுதுன்னு தெரிஞ்சிடும்” என்றீர்கள். அந்த ஒரு வரிக்கே தனியாக ஒரு நன்றி. அடுத்து ஓடப்போகிறவர்களுக்கும் சொல்லி வைக்கிறோம்: நடந்து போகிறவரைக் கேட்காதீர்கள், அவரும் அந்தத் தெருவுக்குப் புதியவராக இருக்கலாம். நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கிறவரைக் கேளுங்கள்.

மந்தைவெளியில் குடை நிழலில் உட்கார்ந்து செருப்புத் தைக்கும் ஐயா, உங்களுக்கு. ஷூவின் முன்பக்கம் வாய் பிளந்ததும் எல்லோரும் உடனடிப் பசையைத்தான் தேடுவோம். அது காய்ந்தால் கண்ணாடி போல் இறுகும். விரல் மடியும் இடத்தில் பத்தாவது அடியிலேயே விரிந்துவிடும். நீங்கள் முதலில் ஷூவின் அடிப்பாகமான சோலை நகத்தால் கீறிப் பார்த்தீர்கள். வருஷக்கணக்கில் அலமாரியில் தூங்கிய ஷூ என்றால் கடலோர ஈரத்தில் சோலே மாவாக உதிரும், அப்போது தையலும் நிற்காது. உதிரவில்லை என்று தெரிந்ததும் துணியால் துடைத்து, ஊசியைச் சாய்வாக இறக்கி, மெழுகு தடவிய நூலால் பெருவிரல் பக்கமிருந்து சுண்டுவிரல் பக்கம் வரை தைத்தீர்கள். கேட்டது நாற்பது ரூபாய். தையல் இன்னும் அப்படியே இருக்கிறது.

29சி கண்டக்டர் அவர்களே, அந்தக் கூட்டத்திலும் மகளிருக்கான கட்டணமில்லாச் சீட்டை மறக்காமல் கிழித்துக் கொடுத்ததற்கு நன்றி. காசு கொடுக்காத பயணம்தானே என்று சீட்டை வாங்காமல் இறங்கியிருந்தால், பந்தயக்காரர்களின் சோதனைச் சாவடியில் பஸ்ஸில் வந்ததற்கு ஆதாரம் ஏது?

தீவுத்திடல் அருகே சேணமில்லாக் குதிரையில் உட்கார்ந்திருக்கும் மன்றோ சிலையைக் கண்டுபிடிக்க யார் உதவியும் தேவைப்படவில்லை. குழப்பம் பாரிமுனையில்தான். ‘ஓய்வு பெற்ற கலங்கரை விளக்கம்’ என்றிருந்தது சீட்டில். டீக்கடைப் பெரியவரைக் கேட்டோம். “தூணா, கோபுரமா? எதைக் கேக்கறீங்க?” என்று திருப்பிக் கேட்டார். அவர் கேட்டதுதான் சரி. ஓய்வு பெற்றவை அங்கே இரண்டு. உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கும் கல் தூண் 1844-இல் எரியத் தொடங்கியது. 1894-இல் விளக்கு நீதிமன்றக் கட்டடத்தின் கோபுரத்துக்கு மாறியது. மெரினாவில் இன்று எரிவது அதற்கும் பின்னால், 1977-இல் வந்தது. சீட்டின் அடுத்த வரியில் ‘கட்டடத்தின் தலையில் நிற்காதது’ என்றிருந்ததால் தூண் என்று முடிவானது. எங்கே நின்றால் தூண் முழுசாகப் படத்தில் விழும் என்று கடையை விட்டு இறங்கி வந்து காட்டினீர்கள் பெரியவரே. டீ ஆறிப்போயிருக்கும், மன்னிக்கவும்.

சோதனைச் சாவடியில் இருந்த தங்கைக்குத் தனியே ஒரு வார்த்தை. “ரெண்டு பேரும் கோட்டுக்குள்ள வந்தாதான் சீல்” என்று முதலில் வந்தவரை நிறுத்தி வைத்தீர்கள். அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அந்த விதி தளர்ந்தால் வேகமானவர் ஒருவரே ஓடி முடித்துவிடுவார், இருவர் அணி என்பதற்கு அர்த்தமே இருக்காது. அதற்குப் பிறகு மெதுவாக ஓடுகிறவர் முன்னால், தண்ணீர் பாட்டில் இரண்டும் பின்னால் வருகிறவர் பையில் என்று மாற்றிக்கொண்டோம். காத்திருப்பு நின்றது.

கடைசியாக, திருவல்லிக்கேணி மருந்துக்கடைத் தம்பி. உப்புச் சர்க்கரைப் பொடியின் பெரிய பாக்கெட்டை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டப் போன கையைப் பிடித்தீர்கள். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. தண்ணீர் குறைந்தால் கரைசல் கெட்டியாகி வயிற்றைப் புரட்டும், தாகமும் தீராது. சின்ன பாக்கெட்டையே எடுத்துக் கொடுத்து, பாட்டிலில் 200 மில்லிக்கு மார்க்கரால் கோடும் போட்டுத் தந்தீர்கள். அந்த மார்க்கர் எங்கள் பையோடு வந்துவிட்டது. வருகிற ஞாயிறு காலை, கடை திறந்ததும் கொண்டு வந்து தருகிறோம்.

இப்படிக்கு,
17-ஆம் எண் அணியின் இருவர்