ரயில் ஏறாத மலையின் பழைய பாதை

ஆசிரியருக்கு வணக்கம்.

கைவிடப்பட்ட ரயில் பாதைகளை நடைபாதையாக்குவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நியூயார்க்கில் சரக்கு ரயில் 1980-ல் நின்றுபோன மேம்பாலத் தடத்தில் 2009 முதல் ஜனங்கள் காலாற நடக்கிறார்கள் என்று படித்ததும், எங்கள் கொடைக்கானல் மலையில் கிடக்கும் பழைய பாதைதான் ஞாபகம் வந்தது.

எங்கள் மலைக்கு ரயில் ஏறவே இல்லை. ‘கொடைக்கானல் ரோடு’ ஸ்டேஷன்கூடக் கீழே அம்மையநாயக்கனூரில்தான் இருக்கிறது. 1875-ல் மதுரைக்கு ரயில் வந்த பிறகு, மலைக்கு வருகிறவர்கள் அங்கே இறங்கி, மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கம் வந்து, அடிவாரத்திலிருந்து, நடுமலையில் இருக்கும் வெள்ளகவி கிராமம், செண்பகனூர் வழியாக ஏறினார்கள். வசதியுள்ளவர்கள் குதிரையிலும் டோலியிலும் வந்தார்கள். மூட்டை முடிச்செல்லாம் கூலியாட்கள் தலையில். என் தாத்தாவும் அப்படிச் சுமந்தவர்தான். மோட்டார் ரோடு வந்ததும் ஊர் அந்தப் பாதையை விட்டுவிட்டது. வெள்ளகவிக்காரர்களுக்கு மட்டும் அதை விட்டால் வேறு வழியில்லை.

போன தை மாதம் வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி வரை இறங்கிப் பார்த்தேன். சில இடங்களில் குளம்பு பட்டுப் பட்டுக் கல்லே நடுவில் குழிந்திருக்கிறது. வேறு சில இடங்களில் மழைத்தண்ணீர் பாதையிலேயே ஓடி, முழங்கால் ஆழத்துக்கு மண்ணை அரித்துவிட்டது. அந்தக் காலத்தில் பாதைக்குக் குறுக்கே சாய்வாகக் கல் நட்டு, தண்ணீரைச் சரிவுப் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறார்கள். அப்படி நட்ட கல் இரண்டு இடத்தில் இன்னும் நிற்கிறது. அதற்குக் கீழே பாதை கொஞ்சமும் கெடவில்லை! என்ன கைவேலை அது!

அந்தக் கற்களைத்தான் திரும்ப நட வேண்டும் என்கிறேன். சிமென்ட் வேண்டாம், டைல்ஸ் வேண்டாம், வழிநெடுகக் கடை வேண்டவே வேண்டாம். வனத்துறையின் அனுமதி இல்லாமல் இங்கே எதுவும் நடக்காது, அது சரிதான். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இறந்த பிள்ளைகளை யாரும் மறந்திருக்க மாட்டோம். தீ பிடிக்கும் மாதங்களில் பாதையை மூடியே ஆக வேண்டும்.

அரசு 2024-ல் 40 மலையேற்றப் பாதைகளை உள்ளூர் வழிகாட்டிகளோடு திறந்தது நல்ல காரியம். ஆனால் ஆட்களை அழைத்துப் போவது வேறு, வருஷா வருஷம் பாதையைப் பராமரிப்பது வேறு. பராமரிப்பு வேலையை வெள்ளகவிக்காரர்களிடமே கூலி கொடுத்து ஒப்படைக்கலாம். நாம் ஓய்வுக்கு நடக்கிற பாதையில்தான் அவர்கள் நோயாளியைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறார்கள். பாதை நன்றாக இருந்தால் முதல் பலன் அவர்களுக்குத்தான்.

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் உங்கள் நிருபர் ஒருவரை அனுப்புங்கள். அந்த இரண்டு கல்லும் எங்கே இருக்கின்றன என்று நானே கூட வந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
செண்பகனூர், கொடைக்கானல்.