ட்ரோன் அடையாளமும் மலையடிவாரச் சிக்னலும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பொழுதுபோக்கு ட்ரோன்களும் பறக்கும்போதே தம் இருப்பிடம், உயரம், பதிவு எண் ஆகியவற்றை அறிவிக்க வேண்டும் என்ற யோசனையை ஆதரித்து எழுதப்பட்ட தலையங்கத்தைப் படித்தேன். நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. திருவிழாக் கூட்டத்தின் தலைக்கு மேல் ட்ரோன் விடுபவரை யாராவது கேட்கத்தான் வேண்டும். ஆனால், அந்த அறிவிப்பு கைபேசி இணையம் வழியேதான் செல்ல வேண்டும் என்று விதித்தால், எல்லையோரத்தில் இருக்கும் எங்களுக்கு அது தடைச்சட்டம்தான். செங்கோட்டையைத் தாண்டி, கேரள எல்லையை ஒட்டிய புளியரைப் பக்கம் அறுவடை முடிந்த வயல்களில் நண்பர்களுடன் மாதிரி விமானங்களைப் பறக்கவிடுகிறேன். பல இடங்களில் ஒரு குறுஞ்செய்தி போவதற்கே வரப்பு மாறி நிற்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2019 டிசம்பரில் வெளியிட்ட முன்மொழிவிலும் இணைய நிபந்தனை இருந்தது. 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் குவிந்த பிறகு அதைக் கைவிட்டு, ட்ரோனிலிருந்தே வானொலி அலையில் அறிவித்தால் போதும் என்றார்கள். அப்படி அறிவிக்கும் கருவி இல்லாத, வீட்டில் செய்த விமானங்களுக்கெனத் தனி இடங்களையும் அங்கீகரித்தார்கள். நமது 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள், நேரலைக் கண்காணிப்புக் கருவியைப் பின்னாளில் கட்டாயமாக்க இடம் தருகின்றன. அந்த அறிவிக்கையை வெளியிடுமுன், இணையம் தேவைப்படாத முறையை ஏற்பதோடு, மாவட்டத்துக்கு ஓரிரு மைதானங்களையாவது ஆர்வலர்களுக்கு ஒதுக்க விமானப் போக்குவரத்து அமைச்சகம் முன்வர வேண்டும்.

– ஒரு வாசகர், செங்கோட்டை