அந்த ரயில் காட்சியை ஏன் விட்டீர்கள்?

ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு இதழில் ‘கிங் ஒஃப் நியூயோர்க்’ பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். 1990இல் வந்த பழைய படம். ஏபல் பெராராவின் இயக்கத்தையும் கிறிஸ்டோபர் வோக்கனின் நடிப்பையும் உங்கள் விமர்சகர் புகழ்ந்தது சரிதான். ஆனால் சிறையால் வந்து போதைவஸ்து வியாபாரத்தைத் திரும்பவும் கையில் எடுக்கும் பிராங் வைட்டை, ஏழைகளின் ஆஸ்பத்திரிக்காகப் பாடுபட்டவன் என்று எழுதிவிட்டார். அங்கேதான் இடிக்கிறது.

ஆஸ்பத்திரி என்றால் எங்களுக்கும் மனம் இளகும். 2009 பெப்ரவரியில், ஷெல் விழுந்த புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியை விட்டு வெளிக்கிட்டு, புதுமாத்தளன் பள்ளிக்கூடத்து வெறும் நிலத்தில் காயக்காரரோடு குந்தியிருந்தவள் நான். அந்த நேரம் ஒருவன் மருந்துக்குக் காசு தந்திருந்தால் எங்கால் வந்தது என்று கேட்டிருக்க மாட்டேன். அதனால் பிராங்கின் காசை வாங்க நினைப்பவர்களில் எனக்குக் கோபமில்லை.

என் கோபம் வேறு. போன கிழமை தங்கச்சியின் மகன் எங்கள் திண்ணையில் இருந்து, மூலை வெடித்த போனில் இதே படத்தைப் பார்த்தான். பத்தொன்பது வயது. சுரங்க ரயிலில் பிராங்கிடம் கொள்ளையடிக்கப் பெடியள் வருகிறார்கள். அவன் கோட்டை விலக்கித் துவக்கைக் காட்டுகிறான். பிறகு ஒரு கட்டுக் காசை எறிந்து, வேலை வேண்டுமென்றால் பிளாசா ஹோட்டலுக்கு வந்து என்னைக் கேளுங்கள் என்கிறான். எங்கட பெடியன் அதை மூன்று தரம் பின்னால் இழுத்துப் பார்த்துவிட்டு, “ஆள் கெத்து பெரியம்மா” என்றான்.

ஆஸ்பத்திரியை விடுங்கள், படத்தின் உயிர் அந்த ஒரு நிமிடத்தில் இருக்கிறது. இங்கேயும் யாரும் எடுத்த எடுப்பில் ஹெரோயின் தூளையோ ஐஸ் போதையையோ நீட்டுவதில்லை. முதலில் போனுக்கு ரீலோட், மோட்டார்சைக்கிளுக்குப் பெற்றோல், விளையாட்டுக் கழகத்துக்கு ஜேர்சி. அப்புறம்தான், “இந்தப் பார்சலை ஒருக்கால் குடுத்திட்டு வா.” இரண்டு கிராம் ஹெரோயினோடு பிடிபட்டாலே எங்கள் இலங்கைச் சட்டத்தில் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விழலாம் என்பதை ஜேர்சி வாங்கித் தந்தவர் சொல்ல மாட்டார். பிடிபடும்போது அவர் பக்கத்தில் நிற்கவும் மாட்டார்.

பிராங்கும் கடைசியில் யார் என்று படமே காட்டுகிறதே. பொலிஸ்காரன் ரயிலில் மடக்கியதும் ஒரு பெண்ணைப் பிடித்துத் தனக்குக் கேடயமாக நிறுத்துகிறான். அந்த ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கப் போகிறவள் அவளாகவே இருக்கலாம். அதைப் பற்றி விமர்சனத்தில் ஒரு வரிகூட இல்லை. (சட்டத்தைத் தாங்களே கையில் எடுக்கும் அந்தப் படத்துப் பொலிசாரைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் கடிதம் முடியாது.)

படத்தைப் பார்க்காதே என்று நான் பெடியனிடம் சொல்லவில்லை. உங்கள் பேப்பரை அவனும் வாசிப்பான். விமர்சகர் அடுத்த முறை எழுதும்போது அந்த ரயில் பெட்டியைப் பற்றியும் எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
முள்ளியவளை.