உப்புக் கணக்கையும் காட்டுங்கள்: நொய்யல் கரைச் சாயப்பட்டறை உரிமையாளர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

திருப்பூருக்குக் கீழே நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையின் ஆயக்கட்டில் தோட்டம் வைத்திருக்கும் விவசாயி எழுதுகிறேன்.

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல் மழையை நம்பிய ஆறு. வெள்ளம் திடீரென்று வரும், சீக்கிரமே வடிந்துவிடும். அதனால்தான் சித்திரைச்சாவடி தொட்டு அணைக்கட்டுகள் போட்டு, பேரூர், உக்கடம், சிங்காநல்லூர், சூலூர் என்று குளம் குளமாகத் தேக்கினார்கள். குளங்கள் நிறைந்து மிஞ்சினால்தான் கீழே தண்ணீர். கோடையில் திருப்பூரைத் தாண்டி ஓடுவது பெரும்பாலும் ஊர்ச் சாக்கடையும் கழிவுநீரும்தான். அதைக் கரைத்துவிட ஆற்றிடம் வேறு தண்ணீர் ஏது?

"இப்பெல்லாம் ஆத்துல கலர் வர்றதில்லீங்களே" என்கிறீர்கள். கலர் எங்கள் கவலையில் பாதிகூட இல்லை. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராமுக்கு மேலும் போடுவதுண்டு. சாயம் துணியில் ஏறும், உப்பு தண்ணீரிலேயே நிற்கும். நிறத்தை எடுத்த பிறகும் அது அப்படியே இருக்கும், சவ்வு வழியே தண்ணீரை வடிக்கும் ஆர்.ஓ.வும், மிஞ்சிய உப்புநீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டரும் ஒழுங்காக ஓடினால்தான் பிரியும். இதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் கிணற்றுத் தண்ணீரும் பார்க்கத் தெளிவுதான். குடத்தில் இரண்டு நாள் நின்றால் உள்ளே வெள்ளை வளையம் கட்டுகிறது. துவரம்பருப்பு அதில் வேகாது. பாய்ச்சிய பாத்தி காய்ந்தால் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெளுத்து, மிதித்தால் பொருபொருவென்று நொறுங்குகிறது. 1992-ல் கட்டிய அணையில் பாசனத் தண்ணீருக்குப் பதில் சாயத்தண்ணீர் தேங்கியதன் மிச்சம் இது. ஒரு மழையில் மண்ணைவிட்டுப் போகாது.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னபோது வேலையிழந்தவர்களில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் உண்டு. மறுபடி திறக்க, சொட்டுக் கழிவும் வெளியேறாதபடி சுத்திகரிக்க, நீங்கள் கடன்பட்டுச் செலவழித்ததை மதிக்கிறேன். ஆனால் மழைக்கு மறுநாள் வரும் நுரையைப் பார்த்தால், எல்லோரும் அந்த வழியில் நிற்கவில்லை என்றே படுகிறது.

கேட்பது ஒன்றுதான். ஆறு திருப்பூருக்குள் நுழையும் இடத்தில் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் ஒரு டிடிஎஸ் மீட்டர், வெளியேறும் இடத்தில் ஒன்று. இரண்டு அளவையும் தினமும் பாலத்தோரம் பலகையில் எழுதுங்கள். சாக்கடையின் பங்கைப் பிரித்துக் காட்ட, உங்கள் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் கணக்கையும் பக்கத்திலேயே போடுங்கள். செய்யாத தப்புக்கு உங்கள்மேல் பழி விழாது. எந்த நாள் மதகைத் திறக்கலாம், எந்த நாள் அடைத்து வைக்கவேண்டும் என்று பலகையைப் பார்த்து நாங்கள் முடிவு செய்துகொள்வோம்.

இப்படிக்கு,
ஒரு கடைமடை விவசாயி