ஆளுக்கொரு லாகின் வேண்டும்: லோ-கோட் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நிரல் அதிகம் எழுதாமலே ஆப் செய்ய உதவும் லோ-கோட் தளங்களுக்கு விலையும் உரிமமும் வகுக்கிற உங்களுக்கு இதை எழுதுகிறேன். கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு பட்டறையில் ஸ்டோர் என் பொறுப்பு. எனக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆனாலும் இப்படியொரு தளத்தில் மூன்று வாரம் உட்கார்ந்து, ஸ்டோரிலிருந்து யார் என்ன எடுத்தார்கள் என்று பதிகிற ஆப் ஒன்றை நானே செய்து முடித்தேன். அதற்கு உங்களுக்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும்.

இலவசக் காலம் முடிந்ததும் கணக்கு வந்தது. ஆப்பைத் தொடுகிற ஒவ்வொருவருக்கும் மாதக் கட்டணம். நாங்கள் 34 பேர். நாள் முழுக்க ஆப்பில் இருப்பது நானும் பர்ச்சேஸில் ஒருவரும்தான். மற்றவர்கள் ஷிஃப்டுக்கு ஒரு தடவை வந்து, பேரிங் இரண்டு, ஆயில் சீல் நான்கு என்று போட்டுவிட்டுப் போவார்கள். அரை நிமிட வேலை. அவர்களுக்கும் எனக்கும் ஒரே விலை. நான்கு லைசென்ஸுக்கு மேல் கட்டுப்படியாகாது என்றார் முதலாளி. அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

அப்புறம் என்ன, ஸ்டோர் ஜன்னலில் ஒரு டேப்லெட், 31 பேருக்குப் பொதுவாக 'ஸ்டோர்2' என்று ஒரு லாகின், டேப்லெட்டின் முதுகில் ஸ்டிக்கரில் பாஸ்வேர்டு. போன ஆடியில் சரக்கு எண்ணியபோது ரேக்கில் 60 மெக்கானிக்கல் சீல் குறைந்தது. யார் எடுத்தது என்று ஆப்பைப் பார்த்தால் வரிக்கு வரி 'ஸ்டோர்2'. சந்தேகம் புதிதாகச் சேர்ந்த பயிற்சிப் பையன் மேல் விழுந்தது. பதினோரு நாள் அவன் யாரோடும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. கடைசியில் அசெம்பிளியில் இருக்கும் ஒரு பெரியவர், தான் 66 எடுத்துவிட்டு 6 என்று அடித்திருப்பது நினைவு வந்து அவராகவே சொன்னார். பழைய நோட்டாக இருந்திருந்தால் கையெழுத்தைப் பார்த்ததுமே அவரிடம் போய்க் கேட்டிருப்பேன்.

ஒரே லாகினை இத்தனை பேர் பயன்படுத்தினால் பெர்மிஷன் என்பதற்குப் பொருளே இல்லை. சூப்பர்வைசர் திருத்தலாம் என்று வைத்தால் எல்லோரும் திருத்தலாம். கொள்முதல் விலை இருக்கிற கட்டத்தை மட்டுமாவது மறைக்கப் பார்த்தேன். அந்த வசதி விலை கூடிய மேல் திட்டத்தில்தானாம். யார் எதை எப்போது மாற்றினார்கள் என்ற வரலாறும் அங்கேதான்.

அனுமதி அமைப்பு சறுக்கினால் எவ்வளவு தூரம் போகும் என்பது உங்கள் துறைக்குத் தெரியாததல்ல. மைக்ரோசாஃப்டின் லோ-கோட் தளமான பவர் ஆப்ஸில் செய்த போர்ட்டல்களில் (இணையதளங்களில்) சுமார் 3.8 கோடிப் பதிவுகள் யாரும் பார்க்கும்படி திறந்து கிடந்ததை அப்கார்டு என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் 2021 ஆகஸ்டில் வெளியிட்டது. யாரும் உடைத்துக்கொண்டு உள்ளே போகவில்லை. அட்டவணையில் உள்ளதை யார் பார்க்கலாம் என்ற கட்டுப்பாட்டை, போர்ட்டலைச் செய்பவரே தேடிப்போய் இயக்க வேண்டியிருந்தது, பலர் இயக்கவில்லை. பிறகுதான் அது தொடக்கத்திலேயே இயங்கும்படி மாற்றப்பட்டது. ஆப் செய்பவர்களில் பலர் என்னைப் போன்றவர்கள். நாங்கள் மறந்தாலும் கதவு சாத்தியே இருக்க வேண்டும்.

விலையும் மாற்ற முடியாததல்ல. அதே பவர் ஆப்ஸ் 2021 அக்டோபரில் ஒரு பயனருக்கு மாதம் 40 டாலர் என்றிருந்ததை 20 ஆக்கியது. ஒரு மாதத்தில் ஆப்பைத் திறந்தவருக்கு மட்டும் அந்த மாதக் கட்டணம் என்ற முறையும் 2021 நவம்பரிலேயே வந்தது, ஒரு ஆப்புக்கு ஆளுக்கு 10 டாலர். வழி சரியானதுதான். ஆனால் மாதத்துக்குச் சில நிமிடம் மட்டும் தொடுகிறவருக்கு 10 டாலர் என்பது எங்கள் பட்டறைக்கு எட்டாது.

பதிவு மட்டும் போடுகிறவருக்கென்று மிகக் குறைந்த விலையில் ஒரு லைசென்ஸ் கொடுங்கள். யார் பார்க்கலாம், யார் திருத்தலாம், யார் திருத்தினார் என்ற மூன்றையும் கீழ்த் திட்டத்திலேயே வையுங்கள். அழகான டாஷ்போர்டுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளுங்கள், கேட்க மாட்டேன்.

வரும் தை மாதம் எங்கள் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குள் பதில் வந்தால் முதலாளியிடம் காட்டி, முதலில் அந்தப் பையன் பெயரில் ஒரு லாகின் போட்டுக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டோர் கீப்பர்