மாமாவுக்கு, அந்த மைனஸ் ஆறு பற்றி

அன்புள்ள மாமா,

நேற்று ராத்திரி ரெட்டிட் விவாதத் தளத்தில் எங்கள் குழுவின் மாடரேட்டர் (கமென்ட்டுகளைக் கண்காணித்து நீக்குபவர்) பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டேன். என்ன சண்டை, யாரோடு என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்று பாக்கி இருக்கிறது. போனில் சொல்ல வாய் வரவில்லை.

அங்கே அமெரிக்க கிரீன் கார்டு (நிரந்தரக் குடியுரிமை அட்டை) வரிசை பற்றிக் கமென்ட் போட்டுவிட்டு, "ஏன்டா ஒருத்தனும் பதிலே போடல?" என்று கேட்டீர்களே. "வார நாள் மாமா, சாயங்காலம் வருவாங்க" என்றேன். யாரும் வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கமென்ட் அப்போது உங்கள் திரையில் மட்டும்தான் இருந்தது.

ரெட்டிட்டில் மாடரேட்டர் ஒரு கமென்ட்டை நீக்கினால், எழுதியவருக்கு அது போட்ட இடத்திலேயே இருப்பது போலத் தெரியும். நீக்கிவிட்டோம் என்று தனியாக எழுதிச் சொன்னால்தான் உண்டு. நான் சொல்லவில்லை.

எங்கள் குழுவில் ஆட்டோமாடரேட்டர் என்ற தானியங்கி நிரலுக்கு ஒரு விதி எழுதி வைத்திருந்தோம். மூன்று ரிப்போர்ட் விழுந்தால் கமென்ட் மறைந்து எங்கள் பரிசீலனை வரிசைக்கு வரும். ரிப்போர்ட் என்பது திட்டு, மிரட்டல் பற்றிப் புகார் சொல்ல வைத்த பொத்தான். ஜனங்கள் பிடிக்காத கருத்துக்கு அமுக்குகிறார்கள். அமுக்கியது யார் என்று மாடரேட்டருக்கும் காட்டாது. எனக்கு யூகம் உண்டு. அவர்களும் இதைப் படிப்பார்கள், விட்டுவிடுகிறேன்.

உங்களுடையதில் திட்டு இல்லை. நாலு பத்தி. நாலாவதில்தான் சரக்கே இருந்தது: வேலைவாய்ப்பு வழியில் வருஷத்துக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டு, ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் உச்சவரம்பு, சட்டப்படி நிற்பவன் நின்றுகொண்டே இருக்க, எல்லை தாண்டி வந்தவனுக்கு மன்னிப்பு என்றால் வரிசை எதற்கு? 'அந்த மன்னிப்பு இந்த ஒதுக்கீட்டிலிருந்து போகாது' என்று யாராவது மறுத்திருப்பார்கள். நல்ல விவாதமாகியிருக்கும். நான் 'நீக்கு' என்பதை உறுதி செய்தேன். அப்ரூவ் செய்தால் அன்று முழுக்க எனக்குத்தான் விளக்கம் கேட்டு மெசேஜ் வரும். அவ்வளவுதான் காரணம்.

ஆனால் மாமா, அந்த முதல் வரி! "இதைச் சொன்னால் உங்கள் இடதுசாரிக் கூட்டத்துக்குக் கசக்கும்" என்றா ஆரம்பிப்பது? ரெட்டிட்டில் கமென்ட்டுகள் 'பெஸ்ட்' என்ற வரிசையில்தான் வழக்கமாக அடுக்கப்படும். அது மொத்த ஓட்டை விட ஆதரவு ஓட்டின் விகிதத்தைப் பார்க்கும். ஒரு ஆதரவு, மூன்று எதிர்ப்பு என்றால் அடியில் போய் உட்கார்ந்துவிடும். பழைய அமைப்பில் மதிப்பு (ஆதரவு ஓட்டில் எதிர்ப்பைக் கழித்தது) மைனஸ் நாலுக்குக் கீழே போனால் மடங்கியும் போகும். உங்கள் 7 சதவீதத்தை யார் படித்தார்கள்? முதல் வரியிலேயே எதிர்ப்பு ஓட்டுப் போட்டுவிட்டார்கள், மறைவதற்குள் மைனஸ் ஆறு. எண்ணை மேலே வைத்து, எதிராளி எழுதிய ஒரு வாக்கியத்தை அப்படியே எடுத்துப்போட்டு அதற்கு மட்டும் பதில் சொல்லியிருந்தால், எதிர்ப்பு ஓட்டோடு கூட நாலு பதிலாவது வந்திருக்கும்.

2013-இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு சோதனை வந்தது. ஒரு செய்தித் தளத்தில் 1,01,281 கமென்ட்டுகளில் சிலவற்றுக்குப் பொய்யாக ஒரு பிளஸ், சிலவற்றுக்கு ஒரு மைனஸ் போட்டுப் பார்த்தார்கள். பிளஸ் வாங்கியவற்றின் இறுதி மதிப்பு சராசரியாக 25 சதவீதம் ஏறியது. மைனஸ் வாங்கியவற்றை வந்தவர்கள் பிளஸ் போட்டுச் சரிக்கட்டிவிட்டார்கள். இந்த இரண்டாவது பாதிதான் என்னைத் தூங்கவிடாதது. உங்கள் மைனஸ் ஆறையும் யாராவது சரிக்கட்டியிருக்கலாம். கண்ணில் பட்டால்தானே!

அந்த முதல் கமென்ட்டுக்கு அப்புறம் ஒரு மணி நேரத்தில் நீங்கள் போட்ட நாலு கமென்ட்டைப் பற்றிப் பேச வேண்டாம் என்றுதான் இருந்தேன். எதிர்ப்பு ஓட்டு வாங்கியவர் அடுத்து அதிகமாக எழுதுகிறார், மட்டமாக எழுதுகிறார் என்று 2014-இல் ஒரு ஆய்வு உண்டு. நாலாவது கமென்ட்டில் அந்தப் பெண்ணை நீங்கள் சொன்ன வார்த்தைக்கு நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன். அதை நீக்கியது சரி. இன்றைக்கும் நீக்குவேன்.

'என் கருத்தை மாற்று' என்று கேட்டு வாதாடும் சேஞ்ச் மை வியூ குழுப் பக்கம் உங்களை அனுப்பியிருக்க வேண்டும். அங்கே குறைந்தது 500 எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும், மூன்று மணி நேரத்துக்குள் பதில் பேச வேண்டும், மனம் மாற இடம் கொடுக்க வேண்டும். கடைசி விதி உங்களுக்கு ஒத்துவருமா என்று சந்தேகம். போகட்டும். நீங்களோ கோபத்தில் கன்சர்வேட்டிவ் (வலதுசாரி) சப்ரெட்டிட்டுக்கு, அதாவது அந்தக் குழுவுக்குப் போய் அதைச் சுதந்திரம் என்றீர்கள். அங்கே எத்தனையோ திரிகளில் ஃப்ளேர் (பெயருக்குப் பக்கத்தில் வரும் அடையாளப் பட்டை) வாங்கியவர் மட்டும்தான் வாய் திறக்கலாம். அதுவும் வடிகட்டல்தான் மாமா. என்ன, அவர்கள் வாசலில் போர்டு மாட்டியிருக்கிறார்கள். நாங்கள் மாட்டவில்லை.

வெளியே வருவதற்கு முன் அந்த முதல் கமென்ட்டை மட்டும் அப்ரூவ் செய்துவிட்டேன். மைனஸ் ஆறிலேயே நிற்கிறது, மடங்கித்தான் தெரியும். பக்கத்திலுள்ள பிளஸ் குறியைத் தட்டினால் நாலு பத்தியும் விரியும். மூன்றாவது பத்தியில் ஒரு ஸ்பெல்லிங் தப்பு இருக்கிறது, முடிந்தால் திருத்திவிடுங்கள்.

உங்கள் மருமகன்